ஓகார எழுத்துள்ள கோப்புகள் மட்டும் காணாமல் போன காப்பு நகல்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட், தோட்டங்களை நம்பி வளர்ந்த ஊர். கித்தா (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் பலவும் இடிக்கப்பட்டு, அங்கே இருந்த குடும்பங்கள் தாமான்களுக்குக் (குடியிருப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்தன. தோட்டத்து வாழ்க்கைக்குச் சான்றாக மிஞ்சியவை பெட்டியிலும் பரணிலும் கிடந்த காகிதங்கள்தாம். தொழிலாளர் பெயரும் வருகையும் கூலியும் பதிந்த செக்ரோல் புத்தகங்கள், கோயில் கணக்கு நோட்டுகள், தோட்டப் பள்ளியின் வருகைப் பதிவேடுகள், துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் ரசீதுகள், திருவிழாப் படங்கள். ஊர்க்காரர்கள் சிலர் ஒரு சிறு குழுவாகச் சேர்ந்து இவற்றை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறார்கள்.

இந்த நிகழ்வில் முக்கியமானவர்கள் மூன்று பேர். ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒருவர்; எந்தக் காகிதம் எந்தத் தோட்டத்தது என்று பார்த்துக் கோப்புக்குப் பெயர் வைப்பவர் அவர்தான். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை ஒருவர்; இரண்டாவது நகல் அவர் வீட்டில் இருக்கிறது. மூன்றாமவர் ஈப்போவில் கணினிக் கடையில் வேலை செய்யும் இளைஞர். எல்லாவற்றையும் இணைத்துக் கொடுத்தவர். குழுவுக்குள் அவர்கள் ஐயா, டீச்சர், தம்பி. நான் பாதியில் கூப்பிடப்பட்டுப் போனவன்.

ஏற்பாடு எளிமையானது. கடைவீட்டு மாடியறையில் உபுண்டு லினக்ஸ் ஓடும் ஒரு பழைய கணினி, அதுதான் சர்வர். டீச்சர் வீட்டில் மகன் விட்டுப்போன பழைய ஐமேக், அதோடு ஒரு வெளி டிஸ்க். தினமும் மாலை ஏழு மணிக்கு ஐமேக் தானாகவே சர்வரோடு இணைந்து, புதிதாக வந்ததை, இரு பக்கக் கோப்புகளையும் ஒப்பிட்டு நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையால் இழுத்துக்கொள்ளும். கட்டளையில் --டெலீட் என்ற விருப்பமும் இருந்தது. ஸ்கேன் வேலையில் ஒரே பக்கம் இரண்டு முறை வருவதும், தவறான பெயரோடு சேர்வதும், பிறகு அதை நீக்குவதும் அன்றாடம் நடப்பவை. சர்வரில் நீக்கியது நகலிலும் நீங்க வேண்டும் என்று நினைத்தது நியாயமான முடிவுதான்.

முதலில் கண்டவை

பல மாதங்களாகவே ஒரு சிறு குறை இருந்தது. மாலையில் இணையம் இழுக்கிறது, பேரனின் டியூஷன் வகுப்பு நின்று நின்று வருகிறது என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாளில் புதிதாகச் சேரும் ஸ்கேன்கள் அவ்வளவு இல்லை. ஆனால் நகல் எடுப்பது இரவு பத்து, பதினொன்று வரை ஓடியது. ஓட்டத்தின் பதிவான லாக் கோப்பைத் திறந்தால் \#340\#256 என்று எண்களாக நிறைந்து கிடந்தது. யாரும் அதைப் படிக்க முயலவில்லை. கடைசி வரியில் மொத்த அளவு சரியாக இருந்தது, பிழைச் செய்தி எதுவும் இல்லை. அதனால் வேலை நடக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பேராக்கில் மாலை இடி மின்னல் சாதாரணம். மின்னல் வெட்டினால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடுவது அங்கே எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். ஒரு மாலை ஏழே காலுக்கு இடி இடித்தது. டீச்சர் பிளக்கைப் பிடுங்கினார். மறுநாள் காலை கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் தன் தாத்தாவின் பெயரைச் செக்ரோலில் தேடி வந்திருந்தார். மாடியறை பூட்டியிருந்ததால் டீச்சர் தன் வீட்டு நகலைத் திறந்து காட்டப் போனார். செக்ரோல் கோப்புறையே இல்லை. தோட்டப் படங்கள் இல்லை, கோயில் கணக்கும் இல்லை. சம்பளப் பட்டியல், பள்ளிப் பதிவேடு, லயம் வாரியான குடும்ப விவரம் எல்லாம் அப்படியே இருந்தன.

சர்வரில் எல்லாம் பத்திரமாக இருந்தது என்பது அன்றைக்கு ஆறுதல். ஆனால் சர்வர் கெட்டால் கைகொடுக்க வேண்டியது இந்த நகல். அதில் ஓட்டை இருக்கிறது என்பது தற்செயலாகத் தெரிய வந்திருக்கிறது.

முதல் முடிவும் விளைவும்

தம்பி கையேட்டைப் புரட்டினார். இணையத்தில் கிடைத்த, புதிய பதிப்புக்கான கையேடு. --டெலீட் என்று மட்டும் கொடுத்தால், நீக்குவது நகலெடுப்புக்கு முன்போ நகலெடுக்கும்போதோ நடக்கும், பதிப்பைப் பொறுத்தது. --டெலீட்-ஆஃப்டர் என்று கொடுத்தால் எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் நீக்கும். இணைப்பு நடுவில் அறுந்ததால் நீக்கியது நீக்கியபடியே நின்றுவிட்டது, திரும்ப வர வேண்டியது வரவில்லை என்று அவர் ஊகித்தார். அந்த அளவில் ஊகம் சரி. அப்படியானால் கடைசியில் நீக்கச் சொன்னால் இடைவெளியே இருக்காது. கையேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால் யாராக இருந்தாலும் இந்த முடிவுக்குத்தான் வருவார்கள்.

அன்றிரவு மின்னலும் இல்லை, தடங்கலும் இல்லை. காலையில் பார்த்தால் அதே கோப்புறைகள் காணோம். லாக்கின் கடைசி வரிகள் வழக்கம்போல் சுத்தமாக இருந்தன. அடுத்த இரவும் அப்படியே. முன்பு மின்னல் வெட்டினால்தான் காணாமல் போயின. இப்போது ஒவ்வொரு நாளும் காணாமல் போயின. இரவெல்லாம் பல ஜிகாபைட் இழுத்துவிட்டு, கடைசியில் அத்தனையையும் கருவியே அழித்துக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டத்தில்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கையேடு ஒரு பதிப்பு, கருவி வேறு பதிப்பு

முதலில் செய்தது நீக்கலை நிறுத்தியது. காரணம் தெரியும்வரை --டெலீட் எந்த வடிவிலும் வேண்டாம். நகலில் குப்பை சேர்ந்தால் சேரட்டும். அன்றிரவு எல்லாக் கோப்புகளும் வந்தன, காலையிலும் இருந்தன. மறுநாள் நகலெடுப்பு சில நிமிடங்களில் முடிந்தது. டீச்சருக்கு மாலை இணையம் திரும்பக் கிடைத்தது.

இதிலேயே ஒரு செய்தி இருந்தது. ஆர்சிங்க் மாறியதை மட்டுமே அனுப்பும் என்பது அதன் அடிப்படை வாக்கு. ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கரசும் 1996-இல் அதை வெளியிட்டதே அதற்காகத்தான். நீக்கல் இல்லாதபோது அந்த வாக்கு காப்பாற்றப்படுகிறது. நீக்கலைச் சேர்த்ததும், ஒரு பைட்கூட மாறாத கோப்புகள் தினமும் முழுசாக வருகின்றன. ஆகவே கோளாறு நகலெடுக்கும் பகுதியில் இல்லை. எது கூடுதல் என்று முடிவு செய்யும் இடத்தில் இருக்கிறது.

அடுத்து ஐமேக்கில் பதிப்பைக் கேட்டோம். 2.6.9 என்றது. அது 2006-இல் வெளிவந்த பதிப்பு. 2008-இல் வந்த 3.0.0 முதல் ஆர்சிங்க்கின் உரிமம், ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. மேக்கோடு வரும் ஆர்சிங்க் அதற்கு முந்தைய 2.6.9-லேயே பல ஆண்டுகள் நின்றுவிட்டது. தம்பி படித்த கையேடோ மூன்றாம் வரிசைக்கானது. கோப்புப் பெயர்களின் எழுத்துக் குறியீட்டை மாற்றித் தரும் --ஐகான்வ் என்ற விருப்பம் அதில் விளக்கப்பட்டிருக்கிறது. ஐமேக்கில் அதைக் கொடுத்தால் அப்படி ஒரு விருப்பமே தெரியாது என்று திரும்பி வந்தது. 3.0.0-இல் சேர்ந்த விருப்பம் 2.6.9-க்கு எப்படித் தெரியும்?

பட்டியலில் ஐயா கண்டது

காணாமல் போனவற்றின் பெயர்ப் பட்டியலை அச்செடுத்து மேசையில் வைத்திருந்தோம். நானும் தம்பியும் கோப்பின் அளவு, தேதி, உரிமை என்று துழாவிக்கொண்டிருந்தோம். கிராணி ஐயா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சம்பளக் கணக்குச் சரிபார்ப்பது போல் விரலை வைத்து வரிவரியாக இறங்கினார்.

“தம்பி, தோட்டம், கோயில், செக்ரோல், ஆயாக் கொட்டகை… எல்லாத்துலயும் ஒ, ஓ வருதே. லயம், கங்காணி, பிரட்டு, பால்மரம் ஒண்ணும் போகலையே?”

சரி என்று முழுப் பட்டியலையும் அப்படிப் பார்த்தோம். விதிவிலக்கே இல்லை. ஒரு கோப்பின் பெயரில் கொ, கோ, கௌ போன்ற எழுத்து இருந்தாலோ, அந்தக் கோப்பு இருக்கும் கோப்புறையின் பெயரில் இருந்தாலோ, அது போயிருந்தது. ‘தோட்டப் படங்கள்’ என்ற ஒரே ஒரு கோப்புறைப் பெயரால் அதற்குள் இருந்த அத்தனை படங்களும் தினமும் அழிந்து திரும்ப வந்துகொண்டிருந்தன. இணையத்தைத் தின்றது பெரும்பாலும் அதுதான்.

அதன் பிறகு அந்த எண்கள் நிறைந்த லாக்கைப் படிப்பது கடினமாக இல்லை. தானியங்கி ஓட்டத்தில் மொழி அமைப்பு எதுவும் இல்லாததால், தமிழ் எழுத்துகளை ஆர்சிங்க் எட்டடிமான எண்களாக எழுதுகிறது. ஒரு தமிழ் எழுத்துக்கு மூன்று எண்கள். 340 256 244 என்றால் ‘த’. நகலெடுத்ததாகச் சொல்லும் வரியில் ‘தோ’ இப்படி இருந்தது:

\#340\#256\#244 \#340\#257\#213

நீக்கியதாகச் சொல்லும் வரியில் இப்படி:

\#340\#256\#244 \#340\#257\#207 \#340\#256\#276

படிக்க வசதியாக நடுவில் இடம் விட்டிருக்கிறேன். லாக்கில் எல்லாம் ஒட்டித்தான் கிடந்தன. முதல் வரியில் ஓகாரக் குறி ஒரே எழுத்து. இரண்டாவதில் அது இரண்டாகப் பிரிந்திருக்கிறது: 207 என்று முடிவது இரட்டைச் சுழி, 276 என்று முடிவது கால். திரையில் இரண்டும் ‘தோ’தான், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பைட்டுகளை ஒப்பிடும் கருவிக்கோ இவை இரண்டு வேறு பெயர்கள்.

சந்தேகம் தீர ஒரு சோதனைக் கோப்புறை உருவாக்கினோம். உள்ளே ‘லயம்’ என்று ஒரு கோப்பு, ‘தோட்டம்’ என்று ஒரு கோப்பு, அவ்வளவுதான். --டெலீட் கொடுத்து இரண்டு முறை ஓட்டினோம். இரண்டாவது ஓட்டத்தில் லயத்தை அது தொடவே இல்லை. தோட்டத்தை நீக்கிவிட்டுத் திரும்ப எடுத்து வந்தது.

ஏன் இப்படி

யூனிகோடில் ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்க் குறிகளை இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று பிரித்தும் எழுதலாம். ‘ஔ’ என்ற உயிரெழுத்துக்கும் இப்படி இரண்டு வடிவம் உண்டு. தமிழில் பிரியக்கூடியவை இந்த நான்கு மட்டுமே. ஆ, இ, உ வரிசைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க், பெயரை எந்த வடிவில் கொடுத்தாலும் அப்படியே பைட் மாறாமல் வைத்துக்கொள்ளும். விசைப்பலகையில் ஐயா அடித்த பெயர்கள் ஒரே குறி வடிவில் சர்வரில் இருந்தன. டீச்சர் வீட்டு வெளி டிஸ்க் மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் அமைப்பில் இருந்தது. 1998-இல் மேக் ஓஎஸ் 8.1-உடன் வந்த அமைப்பு அது. பெயர்களை எப்போதும் பிரித்த வடிவில் சேமிப்பது அதன் விதி. குறையென்று சொல்ல முடியாது, வடிவமைப்பே அப்படி.

சிக்கல் எழுவது அந்த டிஸ்க்கிடம் ஆர்சிங்க் இரண்டு கேள்விகளைக் கேட்பதால். ‘தோட்டம் இருக்கிறதா?’ என்று பெயர் சொல்லிக் கேட்டால், டிஸ்க் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கருதி ‘இருக்கிறது’ என்கிறது. நகலெடுக்கும் பகுதி கேட்பது இந்தக் கேள்வியைத்தான். அதனால் அது ஏமாறவில்லை. நீக்கும் பகுதியோ, ‘உன்னிடம் உள்ள பெயர்களையெல்லாம் பட்டியலிடு’ என்கிறது. பட்டியலில் பிரித்த வடிவம் வருகிறது. சர்வரின் பட்டியலில் அந்த வடிவம் இல்லை, ஆகவே அது கூடுதல், ஆகவே நீக்கு. தோட்டத்தில் காலையில் ஆளெண்ணும் பிரட்டுக் களத்தில் பெயரைக் கூப்பிட்டால் ஆள் ‘இருக்கேன்’ என்று குரல் கொடுக்கிறார். ஆனால் செக்ரோலில் அவர் பெயரை வேறு எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பதைக் காட்டிக் கிராணி பேர் வெட்டிவிடுகிறார். அந்த மாதிரி.

முன்பு, நீக்கல் முதலில் நடந்து நகலெடுப்பு பின்னால் வந்ததால், விடியும்போது எல்லாம் இருந்தன. மின்னல் நடுவில் வெட்டிய நாளில் மட்டும் வெளியே தெரிந்தது. --டெலீட்-ஆஃப்டர் வந்ததும் வரிசை தலைகீழாகி, வந்து சேர்ந்தவையே கடைசியில் அழிந்தன. இரண்டிலும் கருவி கையேட்டில் உள்ளபடிதான் நடந்தது. எழுதிக் கொடுத்த பெயரை டிஸ்க் அதே வடிவில் திருப்பித் தரும் என்ற எதிர்பார்ப்புதான் பொய்த்தது. லாக்கின் கடைசி வரியில் வரும் மொத்த அளவு, மூலத்தின் பட்டியலைக் கூட்டிச் சொல்வது. நகலில் என்ன மிஞ்சியிருக்கிறது என்பதை அது சொல்லாது. அத்தனை மாதமும் எல்லாரும் நம்பியது அந்த வரியைத்தான்.

எடுத்த முடிவு

பெயர்களையெல்லாம் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்பது தம்பியின் முதல் யோசனை. ஐயா ஒத்துக்கொள்ளவில்லை. “தாத்தா பேரைத் தேடி வர்ற புள்ளைங்க எந்த ஸ்பெல்லிங்ல தேடுவாங்க?” என்று கேட்டார். அவர் சொன்னது சரி. பழைய தோட்டப் பதிவேடுகளில் ஒரே ஆளின் பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்பட்டிருப்பதைச் செக்ரோல் பார்த்தவர்கள் அறிவார்கள். கருவிக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆவணத்தின் பெயரை மாற்றுவது எனக்கும் ஒப்பவில்லை.

இரண்டாவது வழி, ஐமேக்கில் மூன்றாம் வரிசை ஆர்சிங்க்கை நிறுவி --ஐகான்வ் கொடுப்பது. மேக்கில் நிரல்களை நிறுவ உதவும் மேக்போர்ட்ஸ் வழியாக நிறுவினோம். இந்தப் பக்கம் மேக்கின் பிரித்த வடிவம், அந்தப் பக்கம் சாதாரண வடிவம் என்று சொல்லிக் கொடுத்ததும், சோதனைக் கோப்புறையில் நீக்கல் வரி வரவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தோம். அன்று மாலை ஏழு மணி ஓட்டம் மறுபடியும் ‘இப்படி ஒரு விருப்பம் தெரியாது’ என்று நின்றது. குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் க்ரான் என்ற நிரல் தேடும் பாதைகளில் புதிய ஆர்சிங்க் இருக்கும் இடம் கிடையாது. அதனால் அது பழைய 2.6.9-ஐயே எடுத்து ஓட்டியிருக்கிறது. முழுப் பாதையை எழுதியதும் சரியானது.

ஆனாலும் இதோடு நிறுத்தவில்லை. அந்த ஐமேக்கின் இயங்குதளத்துக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்று நாளாகிவிட்டன. புதிய ஏபிஎஃப்எஸ் டிஸ்க் அமைப்பு பெயரைக் கொடுத்த வடிவிலேயே வைத்துக்கொள்ளும். ஆனால் அது 2017-இல் மேக் ஓஎஸ் 10.13-உடன் வந்தது, இந்த இயந்திரம் அதற்கு முந்தைய பதிப்பில் நின்றது. ஒரு விருப்பம், ஒரு பாதை, தனியாக நிறுவிய ஒரு நிரல் ஆகிய மூன்றில் எது தவறினாலும் நகல் மறுபடி சத்தமில்லாமல் அழியும். கணினியைத் திறந்து பார்ப்பவர் டீச்சர். அவர் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை என்று பட்டது. மகனிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி, ஐமேக்கிலேயே லினக்ஸ் நிறுவி, புதிதாக ஒரு வெளி டிஸ்க் வாங்கி எக்ஸ்ட்4-ஆக அமைத்தோம். பழைய டிஸ்க்கிலிருந்து நகலெடுக்காமல் சர்வரிலிருந்தே எல்லாவற்றையும் புதிதாக இழுத்தோம். பழையதிலிருந்து எடுத்திருந்தால் பிரித்த வடிவப் பெயர்கள் புதிய டிஸ்க்குக்கும் வந்து குடியேறியிருக்கும்.

அதன் பிறகு

இரு பக்கமும் ஒரே வகை டிஸ்க் வந்ததும் --டெலீட்டைத் திரும்பச் சேர்த்தோம், இரண்டு கட்டுப்பாடுகளோடு. --மேக்ஸ்-டெலீட் கொடுத்து, ஒரு ஓட்டத்தில் ஓர் அளவுக்கு மேல் நீக்க முடியாதபடி வைத்தோம். நீக்கப்படுவதும் உடனே அழியாமல், --பேக்கப்-டிர் வழியாகத் தேதியிட்ட தனிக் கோப்புறைக்குப் போகிறது. மாதம் ஒருமுறை ஐயா பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் அது காலியாகும். இவை இரண்டும் பழைய 2.6.9-இலும் இருந்தவையே. தொடக்கத்திலேயே சேர்த்திருந்தால், ஒன்று முதல் வாரமே நீக்கல் அந்த அளவோடு நின்றிருக்கும், இல்லை அந்தக் கோப்புறை வீங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும்.

சர்வரிலும் ஒரு வேலை இருந்தது. யாரோ மேக்கிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்த படங்களால், ‘கோயில் திருவிழா’ என்ற ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றில் பாதிப் படங்கள், மற்றதில் மீதி. பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர கான்வ்எம்வி என்ற சிறு நிரலைப் பயன்படுத்தினோம். எதை எதாக மாற்றப் போகிறேன் என்று காட்டிவிட்டு அது சும்மா இருந்துவிடும். --நோடெஸ்ட் என்று தனியாகச் சொன்னால்தான் கை வைக்கும். அழிக்கும் அதிகாரமுள்ள எல்லாக் கருவிகளும் இப்படி இருந்தால் நன்றாக இருக்கும். இரட்டைக் கோப்புறையை மட்டும் கையால் சேர்க்க வேண்டியிருந்தது.

இனி வேறாகச் செய்வது

லாக்கின் கடைசி வரியை யாரும் சான்றாக எடுத்துக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை இரு பக்கமும் கோப்புகளை எண்ணி, ஒவ்வொன்றின் சரிகூட்டையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சோதனை எண்ணையும்) ஒப்பிட்டு, வேறுபாடு இருந்தால் மட்டும் டீச்சரின் கைப்பேசிக்குச் செய்தி வருகிறது. லாக்கைத் தமிழிலேயே படிக்கும்படி மொழி அமைப்பையும் சேர்த்தாயிற்று. கையேட்டை இணையத்தில் தேடுவதற்கு முன் அந்த இயந்திரத்திலேயே பதிப்பைக் கேட்டு, அதில் உள்ள கையேட்டைத்தான் முதலில் திறக்க வேண்டும் என்று சர்வர் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, தம்பியின் கையெழுத்து. ‘லயம்’, ‘தோட்டம்’ சோதனைக் கோப்புறையில் இப்போது ‘கொட்டகை’, ‘கௌரவம்’, ‘ஔவை’ மூன்றும் சேர்ந்திருக்கின்றன. புதிய டிஸ்க்கோ இயந்திரமோ எது வந்தாலும் முதலில் அதைத்தான் இரண்டு முறை ஓட்டுகிறார்கள்.

மூன்றாவது நகலை டீச்சரின் பேத்தி வாங்கியிருக்கும் புதிய மேக்கில் வைக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. அதில் உள்ளது ஓபன்ஆர்சிங்க் என்ற வேறொரு நிரல், ஓபன்பிஎஸ்டி திட்டத்திலிருந்து வந்தது. பதிப்பைக் கேட்டால் 2.6.9-க்கு இணக்கமானது என்றே சொல்கிறது. விடுமுறைக்கு அந்தப் பெண் ஊருக்கு வந்ததும் சோதனைக் கோப்புறையை ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. அதுவரை அந்த மேக்குக்கு --டெலீட் கிடையாது.